செவலைக்கு நான் போட்ட கோடுகள்

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாடை வந்தால் இன்றும் எனக்குச் சித்தப்பாவின் வயிறுதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் தெருமுனையில் கிடந்த செவலை நாய் அவர் கெண்டைக்காலைக் கடித்த ஆடி மாதத்தில் நான் நான்காம் வகுப்புப் படித்தேன். சித்தி சுண்ணாம்பு தடவிக் கட்டினாள். சோப்புப் போட்டுக் கழுவ யாருக்கும் தோன்றவில்லை.

அந்நாளில் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி, நாளுக்கு ஒன்று. பட்டு நெய்பவருக்கு அது தாங்க முடியாத வேதனை. தறிக்குழியில் உட்கார்ந்தால், நெய்த புடவையைச் சுருட்டும் "படமரம்" வீங்கிய வயிற்றில்தான் வந்து அழுத்தும். ஆவணி முகூர்த்தப் புடவை பாதியில் நிற்க, நான்காம் ஊசியோடு அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

"பத்து நாள் நாய் நல்லாருந்தா ஒண்ணும் இல்லியாம். நீ தெனம் பார்த்துச் சொல்லுமா" என்றார். பார்த்த நாளுக்கெல்லாம் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். "இன்னாமா, உன் மாப்பிள்ள சாப்ட்டாரா?" என்று தறியில் இருந்தபடியே கேலி செய்வார்.

எட்டாம் நாள் செவலையைக் காணவில்லை. கல்யாண மண்டபத்து எச்சில் இலைக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன். சரியாகப் பார்க்கவில்லை என்று திட்டு விழுமே என்ற பயமும் இருந்தது. கோடு போட்டேன். அடுத்த இரண்டு நாளும் அப்படியே போட்டேன்.

புடவை முடிந்து கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, சித்தி நீட்டிய சொம்பைக் கண்டதும் அவர் தொண்டை இழுத்துக்கொண்டது. "தண்ணிய அந்தாண்ட எடுத்துக்கினு போ" என்றார். செவ்வாய்க்கிழமை இறந்தார்.

இப்போது வயிற்று ஊசி இல்லை. கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் சோப்பால் கழுவிவிட்டு, நாயின் கதி தெரியக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறார்கள். கையில் சில ஊசிகள், கடி ஆழமானால் புண்ணைச் சுற்றி இன்னொரு மருந்து, அவ்வளவுதான். அந்தச் செவலையை நினைத்துக்கொள்ளவும் தெருவில் இன்று யாரும் இல்லை.

சித்தப்பா சாவைப் பற்றி யார் கேட்டாலும் சித்தி, "கொழந்த பத்து நாளும் கண்ணால பார்த்துதான் சொல்லுச்சு" என்று எனக்காகப் பேசுவாள். உண்மையை அவளிடம் சொல்லிவிட எத்தனையோ முறை நாள் குறித்தேன். போன மாசியில் அவளும் போய்விட்டாள்.