அல் அய்ன் சுற்றுலாவில் இல்லாத வீடு

இந்த நாட்டில் வீடுகளுக்கு விலாசம் கிடையாது. வந்த புதிதில் நான் இதை நம்பவில்லை. ஷார்ஜாவில் ரோலாப் பக்கம் நாங்கள் இருந்த கட்டடத்துக்கு இலக்கம் இல்லை. தெருவுக்கு ஒரு பெயர் இருந்திருக்கலாம், யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. கடிதமெல்லாம் என் கணவர், இவருடைய கம்பனித் தபால்பெட்டிக்குத்தான் வரும். யாராவது எங்களைப் பார்க்க வருவதென்றால், காசு மாற்றுகிற கடைக்குப் பின்னால், கீழே தையல்காரர் இருக்கிற கட்டடம் என்று சொல்வோம். தையல்காரர் கடையை மாற்றினால் எங்கள் விலாசமும் மாறிவிடும். ஊரிலிருந்து எழுதுகிறவர்கள், உன் தங்கச்சி வதனி வேலை செய்கிற வீடு உங்களிடமிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். காரில் போனால் இரண்டு மணித்தியாலப் பாதை என்று பதில் எழுதுவேன். அந்த வீடு எங்கே இருக்கிறது என்பது எனக்கே தெரியாது.

வதனி அல் அய்னில் ஓர் அரபுக் குடும்பத்தின் வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலைக்கு வந்திருந்தாள். அவளுடைய கணவரை ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மகன் சுதனை அம்மாவிடம் விட்டுவிட்டு, கொழும்பில் ஒரு ஏஜென்சி மூலம் அவள் விமானம் ஏறினாள். அவள் வந்து ஒரு வருடம் கடந்துவிட்டது. ஒரே நாட்டில் இருந்தும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவளுக்குத் தனியே வெளியே போக அனுமதி இல்லை. எங்களிடம் கார் இல்லை. ரெலிபோன் அந்த வீட்டு வரவேற்பறையில் இருந்தது. ஒருமுறை கதைத்துக்கொண்டிருக்கும்போது அவள் அழுதுவிட்டாள். இவள் ஓடிப்போகத் திட்டம் போடுகிறாள் என்று வீட்டுக்கார அம்மா நினைத்து, அதன் பிறகு வெகுநாள் அவளை ரெலிபோனில் கதைக்க விடவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு, ஊரில் லீவு முடித்துத் திரும்பி வந்த ஒருவர் எங்கள் வீடு தேடி வந்து ஒரு செய்தி சொன்னார். எங்கள் பக்கம் ஷெல் விழுந்து வீட்டுக் கூரை போனதும் அம்மா சுதனையும் கூட்டிக்கொண்டு வள்ளத்தில் இராமேஸ்வரம் போய்விட்டார். இப்போது இருவரும் தமிழ்நாட்டில் ஒரு முகாமில் சுகமாக இருக்கிறார்கள். வதனிக்கு இதை நேரில்தான் சொல்ல வேண்டும், ரெலிபோனில் சொல்லிவிடாதே என்பது அம்மாவின் கட்டளை. வதனியோ ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு மூன்று மாதம்தான், முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று ரெலிபோனில் கதைக்கக் கிடைத்த ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

அப்போதுதான் இவருடைய கம்பனி ஊழியர் குடும்பங்களுக்கு அல் அய்னுக்கு ஒரு நாள் சுற்றுலா ஒழுங்கு செய்தது. வழிகாட்டியோடு பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டுவார்கள் என்றார்கள். எனக்குக் கோட்டையும் தெரியாது, ஒட்டகமும் வேண்டாம். உடனே பெயர் கொடுக்கச் சொன்னேன். வதனிக்கு ரெலிபோன் எடுத்து, எங்கே நிற்பாய் என்று மட்டும் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் வீட்டார் பேரீச்சந்தோட்டத்துக்குப் போவார்கள், மியூசியத்துக்குப் பக்கத்து வாசலில் பிள்ளையோடு நிற்கிறேன், தொழுகைக்கு முன் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம் என்றாள். எங்கள் பயணத்தில் பேரீச்சந்தோட்டம்தான் முதலாவது இடம். எல்லாம் சரியாக அமைந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறியபோது, அதில் அந்த நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை என்பதைக் கவனித்தேன். சாரதி பெஷாவர்ப் பக்கத்துப் பட்டாணியர். பயணிகள் மலையாளிகள், சென்னைக்காரர், பிலிப்பினோக்கள், நாங்கள். வழிகாட்டி எகிப்துக்காரர், சமீர் என்று பெயர். வேறொருவருடைய ஊரின் சரித்திரத்தை, அந்த ஊரில் பிறக்காத ஒருவர், அந்த ஊரில் தங்க முடியாத எங்களுக்கு ஒலிவாங்கி வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தார். சிவந்த மணல்மேடுகள் வந்ததும் எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் மடியில் வைத்திருந்த பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டேன். வதனிக்குப் பிடித்த பயத்தம் பணியாரம் அதில் இருந்தது.

அல் அய்னுக்குள் நுழைந்ததும் சமீர் ஒழுங்கை மாற்றினார். கால்நடைச் சந்தை மத்தியானத்துக்கு முன் கலைந்துவிடும், அதனால் முதலில் அங்கே போவோம், தோட்டம் எங்கேயும் ஓடிப்போகாது என்றார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து முன்னால் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், என் தங்கச்சி தோட்டத்து வாசலில் காத்திருக்கிறாள் என்று விளக்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே, "மேடம், ஐ ஹாவ் போர்ட்டி பீப்பிள்" என்றார். அவருக்கு நாற்பது பேர், எனக்கு ஒருத்தி. இவர் என் கையைப் பிடித்து இருக்கையில் இருத்தினார்.

சந்தையில் ஒட்டகங்கள் கால் கட்டப்பட்டு நின்றன. ஆடுகளைப் பிக்கப் வண்டிகளில் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிலிப்பினோப் பெண்கள் ஒட்டகத்தோடு நின்று படம் எடுத்தார்கள். ஒட்டகத்தின் பல்லைப் பார்த்து வயது சொல்வது எப்படி என்று சமீர் நீளமாக விளக்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு ஒட்டகத்தையே கடித்திருப்பேன். ஒரு டாக்ஸி பிடிப்போம் என்று இவரிடம் கேட்டேன். "நீர் கொஞ்சம் பொறும்" என்றார் இவர். "நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிண்டா, அந்த வீட்டில பிரச்சினை எங்களுக்கில்லை, வதனிக்குத்தான்." அது நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாங்கள் தோட்டத்துக்குப் போனபோது தொழுகைக்கு அழைப்பு எழுந்துவிட்டது. வாசலில் யாரும் இல்லை. உள்ளே பனைமரம் போல உயர்ந்த பேரீச்சைகள், அவற்றின் காலடியில் கல் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர், அந்தப் பாலைவனத்தில் நம்ப முடியாத குளிர்ச்சி. இங்கே வாய்க்கால் நீரை முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள் என்று சமீர் சொன்னார், யாழ்ப்பாணத்தில் நாங்கள் கிணற்று நீரை முறை வைத்து இறைக்கிறது போல. வேறொரு நாளில் என்றால் நின்று கேட்டிருப்பேன். கூட்டத்தை விட்டு விலகி, மண்சுவர்களுக்கிடையே வதனியைத் தேடிப் போனேன். ஒரு முதியவர், அந்த ஊர்க்காரர், தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்று நான் நேருக்கு நேர் கண்ட முதல் உள்ளூர்க்காரர் அவர்தான். எனக்குத் தெரிந்த ஓர் அரபுச் சொல்லை எடுத்து "உக்தி, உக்தி" என்றேன். என் தங்கச்சி, என் தங்கச்சி என்று அர்த்தம். அவர் வழிதவறிப் போன பெண் என்று என்னை நினைத்துவிட்டார். மிகுந்த மரியாதையோடு, கைத்தடியால் வழி காட்டி, பஸ்வரைக்கும் என்னைக் கொண்டுவந்து சமீரிடம் ஒப்படைத்தார். தன் தொழுகையையும் தாமதித்து அந்த மனிதர் செய்த உதவிக்கு, நான் நன்றிகூடச் சொல்லவில்லை. அழுகையை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

மியூசியம் வெள்ளிக்கிழமையில் பின்னேரம்தான் திறக்கும். அதுவரை ஒரு பூங்காவில் சாப்பாடு. பொட்டலத்தைப் பிரிக்காமல் இருந்த என்னிடம் சமீர் வந்து, யார் அது, உண்மையில் கூடப்பிறந்த தங்கையா என்று கேட்டார். அன்று அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. ஆம் என்றேன். தன் தாய் எகிப்தில் தந்தா என்கிற ஊரில் இருப்பதாகவும், தான் போய் நெடுங்காலம் என்றும் சொன்னார். பிறகு பழையபடி கடுமையாகி, மியூசியம் முடிந்ததும் பஸ் புறப்படும், காத்திருக்க மாட்டேன், கலாஸ், அவ்வளவுதான் என்றார். நான் இவரைப் பார்த்தேன். இவர் எழுந்து ரோட்டுக்குப் போய் டாக்ஸியை மறித்தார்.

ஜிமி என்கிற பகுதி, பள்ளிவாசலுக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடை, அதற்குப் பின்னால் வீடு. வதனி எப்போதோ சொன்ன இவ்வளவுதான் எங்களிடம் இருந்தது. ஜிமியில் பள்ளிவாசல்கள் பல இருந்தன. பட்டாணிய டாக்ஸிக்காரர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் நிறுத்தி, "ஏ ஹே, பாய்?", இதுதானா என்று இவரைக் கேட்டார். எங்கும் ஒரே மாதிரி உயர்ந்த மதில்கள், ஒரே மாதிரி இரும்புக் கதவுகள். மூன்றாவது கடையிலிருந்த மலையாளிக்கு வதனியைத் தெரிந்திருந்தது. உம் காலித் வீட்டுச் சிலோன் சேச்சிதானே, பச்சைக் கேற் என்று கை காட்டினார்.

மணியை அடித்தேன். திறந்தவர் வீட்டுக்கார அம்மாதான், உம் காலித், அதாவது காலித்தின் தாய். என் சேலையை மேலிருந்து கீழே பார்த்தார். கையிலிருந்த பையைப் பார்த்தார். சற்றுத் தள்ளி நின்ற இவரையும் பார்த்தார். ஏஜென்சிக்காரர் ஒருவர் வேலைக்காரி ஒருத்தியைக் கொண்டுவந்திருக்கிறார் என்று முடிவு செய்தார் போலும். "மாஃபி ஷுகுல்" என்றார். வேலை இல்லை. கதவைச் சாத்தப் போனபோது நான் "வதனி" என்று கத்தினேன். முற்றத்தின் கோடியிலிருந்து அவள் ஓடி வந்தாள். இடுப்பில் மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை. வதனி மெலிந்திருந்தாள். தலையில் கட்டியிருந்த துணியில் வேறு யாரோ போலத் தெரிந்தாள்.

"மாமா, உக்தி, உக்தி" என்று அவள் அந்த அம்மாவிடம் சொன்னாள். வேலைக்கு வந்தவர்கள் வீட்டுக்கார அம்மாவை அங்கே மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு அந்த நேரத்திலும் எங்கள் மாமாவின் முகம் நினைவுக்கு வந்தது. உம் காலித் கதவை விட்டார். ஆனால் நகரவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, மாறி மாறி எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"எப்பிடி அக்கா வந்தனீ? காலமை எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றாள் வதனி. "சிரிச்சுக்கொண்டு கதை. அழுதா என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீ எண்டு இவ நினைப்பா."

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மாவும் சுதனும் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள், முகாமில் இருக்கிறார்கள், இருவரும் சுகம், வீட்டுக் கூரை போய்விட்டது என்று எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு சொன்னேன். அப்படி ஒரு செய்தியை அப்படி ஒரு முகத்தோடு சொல்லும் நிலை யாருக்கும் வரக்கூடாது. வதனியும் முகத்தைச் சிரித்தபடியே வைத்திருந்தாள். இடுப்பிலிருந்த பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிக்கொண்டாள்.

"அவன் கடலுக்குப் பயந்தவன், அக்கா. வள்ளத்தில ஏறினவனோ?"

"ஏறினவன். அம்மாவின்ர மடியில படுத்துக்கொண்டு போனவனாம்."

அவள் பிள்ளையின் சட்டையை இழுத்துச் சரி செய்தாள். பிறகு, "அப்ப நான் எங்க போறது?" என்று கேட்டாள். "இவை கொழும்புக்குத்தானே ரிக்கற் எடுப்பினம். அங்க ஆர் இருக்கினம் எனக்கு?"

இந்தியாவுக்கு விசா எடுக்கலாம், பார்க்கலாம் என்று இவர் தொடங்கினார், முடிக்கவில்லை.  எங்கள் விசாவில் அவளைச் சேர்க்க இவருடைய சம்பளம் போதாது. வதனி எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, நான் நினைத்துப் பார்த்திராத வேகத்தில் அரபியில் ஏதோ சொன்னாள். உம் காலித்தின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் என்னை இழுத்து அணைத்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "சுக்ரான், சுக்ரான்" என்றார். என்ன சொன்னாய் என்று வதனியைக் கேட்டேன்.

"இன்னும் ரெண்டு வருஷம் நிக்கிறன் எண்டு சொன்னன். அக்கா வந்து சொன்னபடியால்தான் நிக்கிறன் எண்டு நினைக்கிறா."

பேரீச்சம்பழமும் கோப்பியும் வந்தன. நன்றி பெறத் தகுதியான எதையும் நான் செய்திருக்கவில்லை. என் தங்கச்சி வீடு இழந்த செய்தியைக் கொண்டுவந்த என்னை, வேலைக்காரியை நிறுத்திக்கொடுத்த நல்லவள் என்று உபசரித்தார் அந்த அம்மா. அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. தன் பிள்ளை யாரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அவள் போய்விடுவாளோ என்று அவரும் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். அந்த இரண்டு வருடம் பிறகு ஐந்தாயிற்று. சுதன் முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, அந்த ஊர்ப் பிள்ளைகளைப் போலவே பேசத் தொடங்கிவிட்டான் என்று அம்மா எழுதுவார்.

பணியாரப் பையைக் கொடுத்துவிட்டு, பஸ் போய்விடும் என்று எழுந்தோம். வதனி கேற்வரைக்கும் வந்தாள். எங்களைத் தொடக்கூட அவளுக்குக் கை ஒழியவில்லை, பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, அரபியில் விடைபெற என்ன சொல்வது என்று யோசித்தேன். அதற்குள் அது தன் சின்னக் கையை ஆட்டி, எங்கள் ஊர் ராகம் கொஞ்சமும் பிசகாமல், "போட்டு வாங்கோ" என்றது.

உம் காலித்துக்கு விளங்கவில்லை. என்ன சொல்கிறாள் என்று வதனியிடம் கேட்டார். வதனி சிரித்தபடியே, அதை அவருக்கு அரபியில் மொழிபெயர்க்கத் தொடங்கினாள்.