எதிர்வீட்டுக் கதவில் தொங்கிய அட்டை

திருப்பதியில் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் வயதானவர்கள். சமையலறை பொது.

ஒரு விதி உண்டு. படுக்கப் போகும் முன் கதவில் ஓர் அட்டையை மாட்டி, காலை ஏழு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் எதிர்வீட்டார் தட்டிப் பார்க்க வேண்டும்.

போன மாதம் எடுக்க மறந்தேன். எதிர்வீட்டு சரோஜா தட்டினாள்.

"நான் இன்னும் சாகவில்லை, போ" என்றேன்.

இன்று ஏழரைக்கும் அவள் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தேன். அழைக்காமல் ஒருவர் கதவைத் தட்டுவது அநாகரிகம் என்று கான்வென்டில் வளர்ந்தவள் நான். காபி குடிக்கப் போய்விட்டேன்.

ஒன்பது மணிக்குப் பெருக்க வந்த பெண்தான் கண்டாள். சரோஜா குளியலறையில் இடுப்பு முறிந்து கிடந்தாள்.

ஆம்புலன்சில் ஏற்றும்போது என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, உங்க செருப்பு சத்தம் கேட்டுக்கினுதான் கெடந்தேன். கூப்ட்டா கோச்சிக்குவீங்கன்னு வுட்டுட்டேன். புத்தூர் கட்டு போட்டுக்கினு வந்துடறேன், அப்புறம் திட்டுங்க."



இப்போது என் அட்டையை மாட்டிவிட்டேன். எதிர்வீடு பூட்டியிருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் யாராவது இதைப் படித்தால், நாளை ஏழு மணிக்கு வந்து தட்டுங்கள். அட்டையை எடுத்திருந்தாலும் தட்டுங்கள். திட்டாமல் இருக்க முயல்கிறேன்.