சுத்தக்காரர்களின் பேரன்

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு போதும் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். பள்ளிக்கூடமும் மறுத்துப் பேசவில்லை. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றுவரை எனக்குக் குத்துமதிப்புதான். அச்சுக் கோப்பவர் பொறுமைசாலியாக இருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் எழுதவாவது செய்யலாம் என்று எழுதுகிறேன். காகிதம் குறுக்கே பேசாது, அது ஒரு வசதி.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலை. அதன் கெஸ்ட் ஹவுஸில் எனக்கு வேலை. படுக்கை விரிப்பு மாற்றுவது, வெந்நீர் சுவிட்ச் போடுவது, டீ கொடுப்பது, எது கேட்டாலும் ‘எஸ் சார்’ என்பது. இந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு கொரியாக்காரர், ஜெர்மன்காரர், வடக்கே இருந்து வரும் ஆடிட்டர் என்று எல்லோரையும் கரை சேர்த்திருக்கிறேன்.

போன வருஷம் புது உலை பொருத்த ஓர் அமெரிக்கர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். பகல் முழுக்க உலையடியில் நின்று, சாயங்காலம் வெந்த நண்டு நிறத்தில் திரும்பி வருவார். வந்ததும் லேப்டாப்பைத் திறப்பார். நான் டீ கொண்டு போகும்போதெல்லாம் திரையில் ஒரு மரம் இருக்கும். கிளை கிளையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் செத்துப்போன ஒரு வெள்ளைக்காரர்.

ஒருநாள் என்னை உட்காரச் சொல்லி, மரத்தைக் காட்டி ஏதோ விளக்க ஆரம்பித்தார். நாலைந்து ‘எஸ் சார்’ சொல்லிப் பார்த்தேன். நிற்கவில்லை. மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவள் டிப்ளமோ படித்துவிட்டு அதே ஆலையின் சோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அவர் சொல்லச் சொல்ல அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

“நைனா, அவரோட மூதாதைங்க இங்கிலாந்துல இருந்து கப்பல் ஏறி அமெரிக்கா போனவங்களாம். அவங்களத்தான் ஒவ்வொருத்தரா தேடிக்கினு கீறாரு.”

“இன்னாத்துக்குப் போனாங்களாம்? சோத்துக்கு வழியில்லியா?”

“அதெல்லாம் இல்ல. அங்க இருந்த சர்ச்சு சுத்தமா இல்லியாம். சிலுவை போடறது, அங்கி மாட்டறது, பண்டிகை பண்றது எல்லாம் தப்பாம். பியூரிட்டன்னு பேரு. சுத்தக்காரங்கன்னு வெச்சுக்கோ. கிறிஸ்மஸ் கூட கொண்டாட மாட்டாங்களாம்.”

“உங்க பெரிப்பா மாதிரியா?”

“அதே கேஸுதான். அங்க போனதும், இவங்கள மாதிரி ஜெபம் பண்ணாதவங்கள ஊரை வுட்டே தொரத்திட்டாங்களாம்.”

இதைக் கண்டுபிடிக்க ஒரு மனிதன் இத்தனை வருஷம் ராத்தூக்கம் கெட்டானா என்று பரிதாபமாக இருந்தது. எங்கள் காலனிக்கு வந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பார்த்திருக்கலாம். எங்கள் தெருவில் கிடார் வாசிக்கலாமா கூடாதா என்று ஒரு சபை உடைந்தது. மோதிரம் போடலாமா என்று இன்னொன்று உடைந்தது. இப்போது காலனியில் கழிப்பறையைவிட சபைகள் அதிகம்.

என் அண்ணன் பிரிந்தது நட்சத்திரத்தால். எங்கள் அப்பா கட்டிய வீட்டை நடுச்சுவர் வைத்து இரண்டாகப் பிரித்துக் குடியிருந்தோம். அண்ணன் புதுச் சபையில் சேர்ந்து வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட்டுக்கு மாறினார். டிவி போனது. அண்ணியின் தோடு போனது. ஒரு டிசம்பர் மாதம் என் மனைவி வாசலில் காகித நட்சத்திரம் கட்டினாள். அதன் சிவப்பு வெளிச்சம் சுவரைத் தாண்டி அவர் வாசலில் விழுந்தது. “அஞ்ஞான வெளிச்சம் என் ஊட்டு மேல படுது” என்றார் அண்ணன். என் மனைவி பல்பை மாற்றவில்லை. வேண்டுமென்றே பச்சையும் ஒன்று சேர்த்தாள். பொங்கலுக்குள் அண்ணன் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டார். அந்த வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறிக் கடல் தாண்டினார்கள். என் அண்ணன் பீரோவையும் கட்டிலையும் குட்டியானை வண்டியில் ஏற்றி இரண்டு தெரு தாண்டினார். அதிலிருந்து பேச்சு இல்லை. எதிரே வந்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார்.

அமெரிக்கர் அதோடு விடவில்லை. “உங்கள் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள்?” என்று கேட்டார். எனக்குக் காது மடல் சுட்டது. எங்கள் பக்கம் பூர்வீகம் எது என்று ஒருவர் கேட்டால் அவருக்கு வேண்டியது ஊர்ப் பெயர் இல்லை. எந்தத் தெரு, எந்தச் சனம் என்று தெரிந்துகொண்டு, கொடுத்த தண்ணீரைக் குடிக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்கர் பாவம், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் பள்ளிப்பட்டுப் பக்கம் நெல் வயல் உள்ள குடும்பம். இந்தக் கேள்வி காதில் விழுந்ததும் ஓடி வந்து, தன் பாட்டனாருக்குப் பாட்டனார் ராஜாவிடம் தளபதியாக இருந்ததாகச் சொன்னார். எங்கள் மாவட்டத்தில் அந்தக் காலத்தில் சிப்பாயே கிடையாது போலிருக்கிறது. எல்லோரும் தளபதி.

இதெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த மாதம்தான் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. மீஞ்சூர்க் குடும்பம். பையன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். நல்ல பையன். மகள் எதையும் இலேசில் பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டாள். இவனைச் சொன்னாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் குக்கரைப் பார்த்துச் சொன்னாள்.

நிச்சயதார்த்தத்தில்தான் சிக்கல். எங்கள் சனத்தில் தட்டு மாற்றுவது பெண்ணின் அப்பன் இல்லை. வீட்டுக்கு மூத்த ஆண் மாற்ற வேண்டும். மூத்தவர் உயிரோடு இருக்கும்போது இளையவன் கை நீட்டினால், அந்தக் குடும்பத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பையனின் அப்பா மரியாதையாகத்தான் சொன்னார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி. கூடப்பொறந்தவரே வரலன்னா எங்க சனம் கேக்கும். பெரியவரு வந்து தட்டு மாத்தட்டும். இல்லன்னா கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம்.”

தள்ளி வைப்பது என்றால் என்ன என்பது பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்தே பேசினார்.

“வெத்தல பாக்கு வெச்ச தட்ட நான் தொட மாட்டேன். அஞ்ஞானிங்க பழக்கம்.”

“உன் கல்யாணத்துல மாத்துனாங்களேண்ணா.”

“அப்ப நான் இருட்டுல இருந்தேன்.”

“பொண்ணு வாழ்க்கண்ணா.”

“பரலோகத்துல தட்டு மாத்தறது கிடையாது” என்று ஜன்னலைச் சாத்தினார்.

அன்று வேலைக்குப் போனவன், டீயைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்கரின் மரத்தையே பார்த்தபடி நின்றேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊரில் எல்லாமே வம்சமாக இறங்கி வருவதுதான். நிலம் இறங்கும், சர்க்கரை வியாதி இறங்கும், ஊரார் நம்மை அழைக்கும் பெயரும் இறங்கும். அப்படியானால் சுத்தமும் இறங்கத்தானே வேண்டும்? இவர் அசல் சுத்தக்காரர்களின் பேரன். அண்ணனைவிட மூத்த சுத்தம். இவர் வாயால் ‘தட்டு மாற்றலாம், தப்பில்லை’ என்று ஒரு வார்த்தை வந்தால் அண்ணன் தட்ட முடியுமா? வேதமே எங்கள் காலனிக்கு ஒரு வெள்ளைக்காரர் வாய் வழியாகத்தான் வந்தது.

மகளிடம் சொன்னேன். “உனுக்கு இன்னா நைனா ஆச்சு?” என்றாள். ஆனாலும் அவரிடம் கேட்டாள். உயிரோடு இருக்கும் ஒரு பியூரிட்டனைப் பார்க்கலாம் என்றதும் மனிதர் துள்ளிவிட்டார். ஞாயிறு மதியம், வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குக் கிளம்புகிறவர் மாதிரி தொப்பியும் கேமராவுமாக வந்து நின்றார்.

வெள்ளைக்காரரைக் கண்டதும் ஜன்னலுக்குப் பதிலாகக் கதவு திறந்தது. “ஸ்தோத்திரம்” என்றார் அண்ணன். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. எனக்கு வரவில்லை, நின்றேன். மகள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள். அவருடைய முன்னோர்கள் கிறிஸ்மஸை ஒழித்தவர்கள், சிலுவை அடையாளம்கூடப் போடாதவர்கள் என்று கேட்கக் கேட்க அண்ணன் முகம் மலர்ந்தது. “கேட்டியாடா?” என்று என்னைப் பார்த்தார். வானத்தைப் பார்க்காமல் அவர் என்னைப் பார்த்தது வெகுநாளைக்குப் பிறகு அப்போதுதான்.

அமெரிக்கர் தன் வழக்கமான கேள்வியை எடுத்தார். “உங்கள் மூதாதையர் யார்?”

“ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு” என்றார் அண்ணன், பட்டென்று.

எங்கள் தாத்தா பொன்னேரிப் பக்கம் ஒரு பண்ணையில் ஏர் ஓட்டினார். அவருடைய அப்பா பெயர் யாருக்கும் தெரியாது. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த ஊரில் யாருக்கும் தேவைப்படவில்லை. அண்ணன் இந்தச் சங்கடத்தையெல்லாம் ஒரே தாண்டாகத் தாண்டி ஆபிரகாமிடம் போய் இறங்கிவிட்டார். மேனேஜரின் தளபதியை இது எவ்வளவோ மிஞ்சியது.

பிறகு அண்ணன் கேட்டார். “பிரதர், நீங்க எந்த சபை?”

அமெரிக்கர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். மகள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவதற்குள் சொல்லிவிட்டாள்.

“அவரு சர்ச்சுக்கே போறதில்லியாம் பெரிப்பா.”

“கிறிஸ்மஸ்?”

“மரம் வெச்சு, வான்கோழி பண்ணி, ஒயின் சாப்புடுவாங்களாம்.”

“அப்ப இந்த மூதாதைங்க எல்லாம்?”

“அது ஆசைக்குத் தேடறாராம். ஞாயித்துக்கெழம பொழுதுபோவணுமே.”

அண்ணன் எழுந்தார். என் மானம் போகப் போகிறது என்று தெரிந்து தரையைப் பார்த்தேன். “டேய், எவ்ளோ பரிசுத்தமான வம்சம்! இந்த மனுசன் இப்டி அழிஞ்சு போயிகினு கீறாரு, நீ டீ குடுத்துக்கினு கீற!” என்றார். அப்படியே அமெரிக்கர் தலையில் இரண்டு கையையும் வைத்து ஜெபிக்க ஆரம்பித்தார். இங்கே விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்து அவரும் தொப்பியைக் கழற்றிக் குனிந்து கொடுத்தார். கடல் தாண்டிப் போன சுத்தக்காரர்களின் பேரனுக்கு, பெயர் தெரியாத ஏரோட்டியின் கொள்ளுப்பேரன் கண்ணீரோடு ரட்சிப்பு கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

ஆமென் சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணன் என்னிடம் கேட்டார். “நிச்சயத்துக்கு இவரு வராரா?”

“வராருண்ணா.” அவரைக் கேட்கவேயில்லை.

“அப்ப நானும் வரேன். உனுக்காக இல்ல. ஒரு ஆத்துமா. ஆனா தட்டத் தொட மாட்டேன்.”

மகள் அதுவரை அடுத்தவர் பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது தன் பேச்சைப் பேசினாள்.

“நீ தொடலன்னா எனுக்குக் கல்யாணம் இல்ல பெரிப்பா. எங்கியோ இருந்து வந்தவரு ஆத்துமாக்கு அழுவற. என் ஆத்துமா உனுக்கு இன்னா பண்ணிச்சு?”

அண்ணன் நாற்காலிகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

நிச்சயதார்த்தம் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு சின்ன ஹாலில். அண்ணன் வந்தார், உள்ளே வரவில்லை. பூ அலங்காரம், போட்டோ, பாட்டு என்று உள்ளே பாவம் பல விதமாக இருந்தது. வெளியே தண்ணீர் கேன் பக்கத்தில் அமெரிக்கரை உட்கார வைத்து அவருக்குத் தமிழில் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்கரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தட்டு மாற்றும் நேரம் வந்து, உள்ளே எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாய் வரவில்லை.

பையனின் அப்பா எழுந்தார். “பெரியவரு வெளிய குந்திகினு கீறாரு, நாம உள்ள இன்னா பண்றோம்?” என்று தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். சனம் மொத்தமும் பின்னால் போனது. எங்கள் தட்டை என் மனைவி கொண்டுபோய் அண்ணன் முன்னால் நீட்டினாள். நட்சத்திரம் கட்டிய அதே கை.

அண்ணன் தட்டை ஆராய்ந்தார். வெற்றிலையை எடுத்தார், பாக்கை எடுத்தார், அமெரிக்கர் கையில் கொடுத்தார். மஞ்சள் கிழங்கையும் எடுத்துக் கொடுத்தார். வாழைப்பழத்தில் சற்றுத் தயங்கி, விட்டுவிட்டார். வாழைப்பழம் பரிசுத்தம் போலிருக்கிறது. காலியான இடத்தில் தன் வேதாகமத்தை வைத்தார். பிறகு, மகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, தட்டை இரண்டு கையாலும் தூக்கினார்.

“பெரியவரே, எங்க தட்டுல வெத்தல கீதே?” என்றார் சம்பந்தி.

“நீங்க குடுக்கறதுல இன்னா கீதுன்னு நான் பாக்க மாட்டேன்” என்று அண்ணன் வானத்தைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டார். அவருக்கு அது நன்றாகப் பழகிய வேலை.

கைதட்டினார்கள். கையில் கொடுத்ததைத் தின்னத்தான் கொடுத்தார்கள் என்று எண்ணி அமெரிக்கர் வெற்றிலையையும் பாக்கையும் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார். நல்லவேளை, மஞ்சளைக் கடிப்பதற்குள் மகள் பிடுங்கினாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் மை கரைந்தது.

அண்ணன் பிரியாணி சாப்பிடவில்லை. அண்ணிக்கு என்று பார்சல் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது என் வாசலில் வெள்ளைச் சட்டை நின்றது.

“கல்யாணத்துக்கு ஹால் பேசிட்டியா?”

“இல்லண்ணா.”

“வாயத் தொறந்து ஒரு ஆளாண்ட பேச மாட்ட. வா, நான் பேசறேன். பஜார் ஹால் வேணாம், அங்க ஸ்பீக்கரு ஜாஸ்தி.”

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. நின்றபடியே என் மனைவி கொடுத்த டீயைக் குடித்தார். சர்க்கரை குறைவு என்று அவளிடமே சொன்னார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். வேலைக்கு அன்று லீவு.

இதை எழுதி முடித்தது 2025ஆம் வருஷம் ஜூன் மாதம் 15ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.