ரங்கூன் ஜாடி

ராஜபாளையத்துக்கு வண்டியில் போகும்போதெல்லாம், ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியதும் கண்மாய்க் கரையில் ஒரு மனிதரைப் பார்ப்பேன். ஒடிசலான உடம்பு, ரங்கூன் கைலி, மடியில் சின்னதாக ஒரு ஜாடி. தூக்குச்சட்டியில் கொண்டுவந்த சோற்றை, ஜாடியில் இருப்பதைத் தொட்டுக்கொண்டு தின்பார். முடித்ததும் மண்ணைப் போட்டுக் கையைத் தேய்ப்பார், மோந்து பார்ப்பார், மறுபடியும் தேய்ப்பார். தோலே உரிந்துவிடும் போலிருக்கும்.

ஒருநாள் வண்டியை நிறுத்தி இறங்கிக் கேட்டேன். “என்ன அண்ணாச்சி, வீட்டுல வச்சு சாப்பிடக் கூடாதா?”

“வீட்டுலயா? இது ஙப்பி தம்பி. மீனை உப்புப் போட்டு இடிச்சு வச்சது. பர்மாவுல இருந்தவரைக்கும் இதைத் தொட்டுக்கிட்டுத்தான் சோறு தின்னேன். ஆசையா ஊருக்குக் கொண்டாந்தா, நாறுதுன்னு எங்கண்ணன் குப்பையில வீசிட்டாரு. நான் போயி எடுத்துட்டு வந்தேன்.” ஜாடியின் மூடியை அழுத்தி மூடினார். “அவருக்கு வாங்கிட்டு வந்த பட்டும் அதே பொட்டியிலதான் இருந்துச்சு. பட்டு மட்டும் நாறலையாம்!”

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடித் தேரோட்டத்தன்று அந்த அண்ணனை ஊர்க்காரர்கள் எனக்குக் காட்டினார்கள். பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு, “ரங்கூன் சரக்கு, தொட்டுப் பாருங்க” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

“உங்க தம்பி தேர் பாக்க வரலையா?” என்று வேண்டுமென்றேதான் கேட்டேன்.

“அவன் மேலெல்லாம் நாத்தம். கூட்டத்துக்குள்ள வராதன்னுட்டேன்.”

அந்த மனிதர் இன்னும் எம்புட்டு மண்ணை அள்ளித் தேய்த்தால் இவர்களுக்குப் போதும்?