ரக்கிரக்கி மலையடிவாரத்தில் ஒரு தடுப்பூசி நாள்

ஃபிஜி என்றாலே நீலக் கடலைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். இது கடற்கரையில் கால் வைக்காத ஒரு பயணம். 2000இல் இந்திய வம்சாவளிப் பிரதமரை இறக்கிய ஆட்சிக் கவிழ்ப்புக்கு அடுத்த வருடம், என் கணவருக்கு லௌடோகாவில் வேலை. எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த லித்தியா, பூர்வகுடி ஃபிஜியப் பெண், அரசு நர்ஸ். ரக்கிரக்கிக்கு மாற்றலாகிப் போனவள், "ஒரு நாள் என்னோட ஊசி போட வாயேன், ஊரையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்று கூப்பிட்டாள். கரும்பு வெட்டும் காலம். கிளம்பிவிட்டேன்.

லௌடோகாவிலிருந்து கிங்ஸ் ரோடு வழியாகப் பஸ். சுமார் நூறு கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஜன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை. மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிடுவார்கள். இடப்பக்கம் உட்காருங்கள், அவ்வப்போது கடல் தெரியும். கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பொறுமைதான் வழி.

லித்தியா வேனோடு காத்திருந்தாள். ஓட்டுநர் ஜோனே. லித்தியாவின் மடியில் தடுப்பு மருந்துப் பெட்டி, உள்ளே பனிக்கட்டி. மண் சாலையில் மலைப்பக்கம் ஒரு மணி நேரம் போனோம். வழியில் சொன்னாள்: குத்தகை முடிந்து நிலத்தை விட்ட இந்தியக் கரும்புக் குடும்பங்கள் சில உள்ளே தள்ளிக் குடிசை போட்டிருக்கின்றன. முன்பிருந்த நர்ஸ் நியூசிலாந்து போய்விட்டாள். அந்தப் பணியிடம் வெகுநாள் காலியாகக் கிடந்தது. அங்கே பிறந்த குழந்தைகளுக்கு ஊசியே போடவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் தட்டம்மை வந்திருக்கிறதாம்.

முதல் தகர வீட்டின் முன் வேன் நின்றது. ஆளில்லை. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கொடியில் குழந்தைத் துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"கரும்புக்குள்ள ஓடிட்டாங்க" என்றார் ஜோனே மெதுவாக. "போன வருஷம் கலவரத்துல இப்படித்தான் வண்டியில ஆளுங்க வந்து, மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனாங்களாம்."

லித்தியாவின் முகம் வாடிவிட்டது. "வந்தவங்க என் ஜனங்க. என் மூஞ்சியைப் பார்த்தா அவங்களுக்குப் பயம் வராம என்ன செய்யும்?"

மருந்துப் பெட்டியை இறக்கிக்கொண்டு, வேனை நாங்கள் கடந்து வந்த பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகச் சொன்னாள். பருப்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கரும்பிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி முற்றத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். "பஹினி, டர் நை! ஹம் நர்ஸ் ஹை" என்று ஃபிஜி இந்தியில் ஒரே ஒரு தரம் குரல் கொடுத்தாள். தங்கச்சி, பயம் வேண்டாம், நான் நர்ஸ்.

வெயில் ஏறியது. பெட்டிக்குள் பனிக்கட்டி கரைந்துகொண்டிருக்கும் என்று எனக்குத்தான் தவிப்பு. எழுந்து கூப்பிடலாமா என்றேன். "வேண்டாம். அவங்களா வரட்டும்" என்றாள்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு பெண் வெளியே வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் கரும்பு வெட்டும் கத்தி. பெயர் ராஜ்மதி. கணவன் தவுவா பக்கம் கரும்பு வெட்டப் போயிருக்கிறான். அவள் முதலில் அடுப்பைப் பார்த்தாள், அப்புறம் லித்தியாவை. இந்தியில் ஏதோ கேட்டாள்.

"பருப்பை யார் இறக்கினதுன்னு கேக்கறா" என்றாள் லித்தியா. "நான்தான்னு சொன்னேன்."

ராஜ்மதி கத்தியைக் கீழே போட்டாள்.

குழந்தை அஞ்சலிக்கு ஒன்றேகால் வயது. தட்டம்மை மருந்துக் குப்பியைத் திறந்தால் பத்துக் குழந்தைகளுக்குப் போடலாம்; ஆறு மணி நேரத்துக்குள் போடாவிட்டால் கொட்ட வேண்டியதுதான். "ஒரு குழந்தைக்காகவா திறக்கப் போற?" என்று கேட்டேன். "இந்தக் குழந்தைக்கு அது ஒண்ணுதானே வேணும்?" என்று சொல்லி, திறந்துவிட்டாள்.

ஊசி ஏறியதும் அஞ்சலி வீரிட்டாள். "அழாத கண்ணு, ஆச்சு ஆச்சு" என்றேன் என்னையறியாமல். ராஜ்மதி திரும்பிப் பார்த்தாள். "மதராஸ்?" என்றாள். தலையாட்டினேன். அவள் பாட்டன் பூட்டனும் கரும்புக் கூலிகளாக அங்கிருந்து வந்தவர்கள்தானாம். கோயில் பாட்டைத் தவிர அவளுக்குத் தமிழ் தெரியாது. "கண்ணு" என்று தானும் ஒரு தரம் சொல்லிப் பார்த்து, குழந்தையின் கையைத் தடவிக் கொடுத்தாள்.

அழுகை அடங்கியதும் கரும்பைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெண்கள் வெளியே வந்தார்கள், இடுப்பிலும் கையிலும் குழந்தைகளோடு. அன்று குப்பியில் மருந்து கொஞ்சம்தான் மிஞ்சியது. திரும்பும்போது எங்களுக்குப் பருப்பும் ரொட்டியும் கட்டிக் கொடுத்தார்கள். லித்தியா வேனில் ஏறியதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். ஜோனே பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு ஓட்டினார்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மலைச் சாலைக்குக் காலையிலேயே கிளம்புங்கள், மாலைக்குப் பிறகு பஸ் கிடைப்பது கடினம். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசல் வரை வண்டியை ஓட்டாதீர்கள். தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தெரியாத ஊரில் நம்மைப் பார்த்து ஒருவர் பயந்தால், அதற்கு நாம் கோபப்பட ஒன்றுமில்லை என்று அன்று புரிந்தது.

அதன் பிறகு லித்தியா மாதாமாதம் பாலத்திலிருந்து நடந்தே போனாள். தட்டம்மை அந்தக் குடிசைகளுக்கு வரவில்லை. சில வருடங்களில் அவளுக்கும் ஆக்லாந்தில் வேலை கிடைத்தது. அங்கிருந்து போனில் பேசும்போது, அந்த வீடுகளை இனி யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன்.

"புது நர்ஸை ஒவ்வொரு வீட்டுக்கும் கூட்டிக்கிட்டுப் போனேன்" என்றாள். "அவ கையை ராஜ்மதி கையில வச்சுட்டுத்தான் விமானம் ஏறினேன்."