அல்பத்தில் இல்லாதவள்

1988இல் பாரிஸ் போய்வந்த பிறகு, மல்வேர்னில் குடியிருந்த வீட்டுக்கு யார் வந்தாலும் இராசதுரை பட அல்பத்தை விரித்துவிடுவார்.

அங்கே முதலில் பார்க்கப் போனது ஒரு பழைய தேவாலயம். கோயில்தானே என்று மனைவி கோணேஸ்வரி வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தாள். சனம் சிரித்தது. இராசதுரைக்கு மானம் போகிறதாம். "உங்களோடு வந்தவரா?" என்று காவலாளி அவளைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்க, "நோ" என்றுவிட்டு உள்ளே நடந்தார். அதை விளங்கிக்கொள்ள அவளுடைய ஆங்கிலம் போதும். பிறகு போன இடமெல்லாம் அவரை மட்டும் படம் எடுத்தாள்; தான் எதிலும் நிற்கவில்லை.

"எல்லாத்திலையும் தனிய நிக்கிறியள் அண்ணை, அக்கா வரேல்லையோ?" என்று ஒருநாள் பக்கத்து வீட்டு மகேஸ்வரன் கேட்டான்.

இராசதுரை அடுத்த பக்கத்தைப் புரட்டினார். தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கோணேஸ்வரிதான் சொன்னாள்:

"நான் இவரோட வந்த ஆளில்லை, தம்பி."