சுமார்தான்

சளி மாத்திரையை உறையில் போட்டு, மேலே "1-0-1" என்று எழுதியதும் மருந்துக்கடைக்காரர் பேனாவை மூடுவதில்லை. காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், இரவில் ஒன்று, அது மருந்துக்கு. உறையைத் திருப்பிப் பின்பக்கத்தில் மூன்று பாட்காஸ்ட் பெயர்களை எழுதுகிறார். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி, "ஃபுட்பால் பிடிக்குமா?" வாய்தவறி ஆமாம் என்றவர் மாட்டிக்கொண்டார்.

ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைக் கோட்டுக்குள் நீல அணியின் பனியன், ஒரு காதில் எப்போதும் இயர்போன். "இந்தக் காது உங்களுக்கு, அந்தக் காது ஆட்டத்துக்கு" என்பார். ஒருமுறை யோசனையில் சத்து மாத்திரை உறையில் "2-0" என்று எழுதிவிட்டார். வாங்கிப்போன அம்மா மறுநாள் வந்து, "ராத்திரிக்கு எத்தனைன்னு எழுதலியே?" என்றார். "அது எங்க டீம் போடப்போற கோலும்மா" என்று அசடு வழிந்தார். அந்தக் கோல்களும் விழவில்லை.

சிபாரிசு செய்வதில் கஞ்சத்தனமே கிடையாது. "முதல்ல எழுதினதக் கேளுங்க சார். பழைய மேட்ச்ச அக்குவேறா ஆணிவேறா பிரிக்கறாங்க. ரெண்டாவது, ஸ்டேடியத்துல கூட்டம் பாடுதே, அந்தப் பாட்டெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு தோண்டறான் ஒருத்தன். ஆளு அசுரன்!" மூன்றாவது பெயர் 'தொண்ணூறு நிமிஷம், ஒரு பாட்டு'. அங்கே மட்டும் குரல் இறங்கிவிடும். "அது... சுமார்தான். நேரம் இருந்தா கேளுங்க."

எல்லாவற்றையும் ஆகா ஓகோ என்கிற மனிதர் ஒன்றை மட்டும் சுமார் என்றால் சந்தேகம் வராதா? நான் அந்தச் சுமாரைத்தான் முதலில் கேட்டேன். இரண்டு பெண்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பொருத்தமாக ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, ஏன் அந்தப் பாட்டு என்று வாயடிக்கிறார்கள். நீல அணியின் கோல்கீப்பருக்குத் தாலாட்டு போட்டிருந்தார்கள். ரயிலில் தனியாகச் சிரித்துப் பக்கத்து இருக்கைக்காரரைப் பயமுறுத்தினேன்.

அடுத்த மாதம் போய் இதைச் சொன்னபோது, பில் போடும் அவர் மனைவி குட்டை உடைத்தார். "எங்க பொண்ணு சார் அது. கூடப் பேசறது அவ சிநேகிதி. இவர் நீலம்னா, அவ வேணும்னே சிவப்பு."

"நீ சும்மா இரேன்" என்றவர், பிறகு தானே கொட்டிவிட்டார். மகள் கறாராகச் சொல்லியிருக்கிறாள். "கேக்கறது பூரா நீங்க மாத்திரையோட கட்டிக்குடுத்த ஆளுங்கப்பா. தானா வந்து கேட்டவங்க ஒருத்தரையாவது காட்டுங்க. இல்லன்னா இந்த சீசனோட மூட்டை கட்டிடறோம்."

"அவ கேக்கறதும் நியாயம்தான் சார்" என்று சிரித்தார். கை மட்டும் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

சீசனின் கடைசி ஆட்டத்தில் நீல அணி மூன்று கோல் வாங்கித் தோற்றது. இரண்டு நாள் கழித்து நான் கடையில் நிற்கையில், சீருடையோடு ஒரு பஸ் டிரைவர் வந்தார். கடைக்குப் புதியவர். கண் எரிகிறது, சொட்டு மருந்து வேண்டும் என்றவர், அலமாரியில் இருந்த நீலக் கொடியைப் பார்த்ததும் எரிச்சலை மறந்துவிட்டார்.

"நீங்க நீலமா? பாவம்ங்க! ஒரு பாட்காஸ்ட் இருக்கு, கேட்டீங்களா? ரெண்டு பொண்ணுங்க. நேத்து உங்க டீமுக்கு ஒரு பாட்டு போட்டாங்க பாருங்க, எங்க டிப்போவே உருண்டு பெரண்டு சிரிச்சுது!"

பில் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தார். மருந்துக்கடைக்காரர் இயர்போனைக் கழற்றினார்.

"யாரு சொல்லிக் கேட்டீங்க?"

"யாரும் சொல்லலங்க. போன்ல எதையோ தேடினேன், இது மாட்டுச்சு. இப்ப பதினஞ்சு பேரு கேக்கறோம். பேர எழுதிக்கங்க, மறந்துடுவீங்க."

என் பெண் என்று அவர் சொல்லவில்லை. புது உறை ஒன்றை எடுத்து, "சொல்லுங்க" என்றார். டிரைவர் நிறுத்தி நிறுத்திச் சொன்ன பெயரை, இன்றுதான் கேள்விப்படுகிறவர்போல எழுத்து எழுத்தாக எழுதினார்.

"நல்லா இருக்குமா?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? பிரமாதமா இருக்கும்!"

அதையும் எழுதிக்கொண்டார். கீழே "1-1-1" என்று போட்டு, உறையை மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, பேனாவை மூடினார்.